அடுப்பு மூட்டாமல் ஒரு விருந்து
பழமும் பாற்கட்டியும் கோத்த குச்சிகள்

பிள்ளையின் பிறந்ததின விழா. மாலை ஐந்து மணிக்கு விருந்தினர் வருவார்கள். காலை ஒன்பது மணிக்கே தாய் குசினிக்குள் நுழைந்துவிடுகிறாள். ஒரு பக்கம் உருளைக்கிழங்கு அவிகிறது. மறுபக்கம் பற்றிஸுக்கு மா குழைக்கப்படுகிறது. எண்ணெய்ச் சட்டி அடுப்பிலேறுகிறது. விருந்தினர் வந்து அமர்ந்த பின்னரும் அச்சட்டி இறங்குவதில்லை. "சூடாக இன்னும் நாலு கொண்டு வாரும்" என்று கூடத்திலிருந்து குரல் வர, வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு அவள் மறுபடியும் அடுப்படிக்கே திரும்புகிறாள். கேக் வெட்டும் வேளையில், "அம்மா எங்கே?" என்று பிள்ளை கேட்கிறது. "நீங்கள் வெட்டுங்கோ, நான் இதோ வந்திட்டன்" என்ற பதில் உள்ளேயிருந்து வருகிறது. மெழுகுதிரிகள் அவளுக்காகக் காத்திருப்பதில்லை.

நமது வீடுகளிலுள்ள பழைய புகைப்பட அல்பங்களைச் சற்றே புரட்டிப் பாருங்கள். பிறந்ததினப் படங்களில் தகப்பனார் நிற்பார். மாமா, மாமி நிற்பார்கள். அயல்வீட்டுப் பிள்ளைகள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். தாயை மட்டும் காணோம். கண்டாலும் ஈரக் கையை மறைத்தபடி ஓர் ஓரத்தில் களைத்த முகத்துடன் நிற்பாள். அன்றைய விருந்தில் அதிகம் உழைத்தவள் அவளே. அவ்விருந்தை மிகக் குறைவாக அனுபவித்தவளும் அவளே.

இக்குறையை ஓரளவேனும் தீர்க்கவல்ல ஒரு சிற்றுண்டியைப் பற்றியே இவ்வாரம் கூற விழைகின்றோம். இதற்கு அடுப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம். பழத் துண்டுகளையும் 'சீஸ்' எனப்படும் பாற்கட்டியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குச்சியிற் கோத்து வைத்தால் முடிந்தது. இதுவும் ஒரு சமையலா என்று சிலர் நகைக்கக்கூடும். சமையல் அன்று என்பதே இதன் சிறப்பு.

2022 ஆம் ஆண்டு நம் நாட்டில் சமையல் எரிவாயுவுக்காக மக்கள் வெற்றுச் சிலிண்டர்களுடன் நாட்கணக்காக வரிசையில் நின்றதை எவரும் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். பிள்ளைகளின் பிறந்ததினங்கள் அவ்வாண்டிலும் வந்தன. அடுப்பெரியாத வீட்டிலும் ஒரு விருந்தை நடத்தலாம் என்னும் பாடத்தைப் பல இல்லத்தரசிகள் அப்போதுதான் கற்றார்கள். இப்பாடம் தட்டுப்பாட்டுக் காலத்துக்கு மட்டும் உரியதன்று. மற்றக் காலங்களிலும் பயன்படுவது.

இது அந்நியப் பண்டமா?

பழத்தையும் பாற்கட்டியையும் குச்சியிற் குத்திப் பரிமாறும் வழக்கம் ஐரோப்பியருடையது. 1950 களிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் ஜேர்மனியிலும் இங்கிலாந்திலும் வீட்டு விருந்துகளில் இது பெரிதும் பரவியது. ஜேர்மானியர் ஒரு பெரிய பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்து, பாற்கட்டியும் முந்திரிகைப்பழமும் குத்திய சிறு குச்சிகளை அதன் முதுகெங்கும் நாட்டுவார்கள். பார்ப்பதற்கு முள்ளெலி போல இருக்குமாதலால் 'பாற்கட்டி முள்ளெலி' என்றே அதற்குப் பெயரிட்டார்கள். ஆங்கிலேயரோ பாற்கட்டியுடன் அன்னாசித் துண்டைச் சேர்ப்பதில் விருப்பங்கொண்டனர்.

எனினும் பாற்கட்டி இலங்கைக்குப் புதியதன்று. 1658 முதல் 1796 வரை நமது கரையோரப் பகுதிகளை ஆண்ட ஒல்லாந்தரின் வழக்கங்களிற் சில, பறங்கியர் இல்லங்களில் இன்றும் நிலைத்திருக்கின்றன. நத்தார்க் காலத்தில் 'ப்ரூடர்' என்னும் இனிப்பு ரொட்டியைச் செவ்வண்ண மெழுகு பூசிய எடாம் பாற்கட்டியுடன் உண்பது அவற்றுள் ஒன்று. இனிப்பும் உப்பும் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தார்கள்.

நாமும் அதை அறியாதவர்களல்லர். மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு உண்ணாத பள்ளிப்பிள்ளை நம்மிடையே உண்டோ? வீதியோரத்தில் அன்னாசித் துண்டின்மீது உப்பும் மிளகாயும் தூவிக் கொடுப்பதை நாவில் நீரூற வாங்கி உண்ணாதவர் யார்? பழத்தின் இனிப்பும் புளிப்பும் உப்புடன் சேரும்போது சுவை மிகும் என்பது நம் நாவுக்கு நெடுங்காலப் பழக்கம். இங்கே உப்பின் இடத்தைப் பாற்கட்டி பெறுகிறது. வேறுபாடு அவ்வளவே.

பாற்கட்டியைத் தெரிவு செய்தல்

கோப்பதற்கு உகந்தது, கத்தியால் வெட்டினால் உதிராமலும் குழையாமலும் நிற்கும் கட்டியான வகையே. செடார், கௌடா, எடாம் ஆகியவை நன்று. உள்நாட்டிற் பதனிட்டுக் கட்டியாக விற்கப்படும் பாற்கட்டியும் போதியது. வெள்ளிநிறத் தாளிற் சுற்றிய முக்கோணத் துண்டுகள் பாணிற் பூசுவதற்கே ஏற்றவை, குச்சியில் நில்லா. வெட்டுவதற்குச் சிறிது முன்புவரை குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால் துண்டுகள் விளிம்பு சிதையாமல் வரும்.

சைவ உணவுக்காரர் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பாலைத் திரளச் செய்வதற்கு 'ரென்னெட்' என்னும் பொருளைச் சேர்ப்பார்கள். பழைய முறைப்படி அது கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. இந்நாளிலோ நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்படும் ரென்னெட் பெரிதும் வழக்கத்தில் உள்ளது. ஆகவே, மரக்கறி உணவே கொள்ளும் உறவினர் வருவதாயின், உறையில் அச்சிட்டிருப்பதை வாசித்து, சைவ உணவுக்காரருக்கு ஏற்றது என்ற குறிப்பு உண்டா என்று பார்த்து வாங்குங்கள். விருந்துக்கு வந்த பாட்டியார் ஒருவர், தாம் அறியாமலே தம் நெறியைத் தவறவிட நாம் காரணமாகிவிடக் கூடாதல்லவா?

பாற்கட்டியின் விலை எல்லாருக்கும் எட்டுவதன்று. அப்படியாயின், மண்சட்டியில் விற்கும் எருமைத் தயிர் கைகொடுக்கும். தயிருடன் அரைத் தேக்கரண்டி உப்பைக் கலந்து, கொதிநீரில் அலசி உலர்த்திய மெல்லிய வெள்ளைத் துணியிற் கட்டி, ஒரு பாத்திரத்தின் மேல் தொங்குமாறு குளிர்சாதனப் பெட்டிக்குள் இரண்டு நாள் வைத்துவிடுங்கள். நீர் முழுவதும் வடிந்து, இறுகிய வெண்ணிறக் கட்டி எஞ்சும். இது அராபிய நாடுகளில் 'லப்னே' என்ற பெயருடன் நாள்தோறும் உண்ணப்படுவது. சிறு நெல்லிக்காயளவு உருட்டி, மிளகுதூளில் அல்லது பொடியாக அரிந்த புதினாவிற் புரட்டிக் குளிரவைத்தால், மெதுவாகக் குச்சியின் நுனியில் குத்திக்கொள்ளலாம். உருண்டை நில்லாமற் குழைந்தாலும் கவலை வேண்டாம். கிண்ணத்தில் வழித்து வைத்துப் பழக் குச்சிகளைத் தோய்த்துண்ணச் செய்யுங்கள். வடிந்த நீரை ஊற்றிவிடாமல் ரொட்டிக்கு மா குழைக்கப் பயன்படுத்துங்கள்.

எந்தப் பழம்?

நம் நாட்டிற் பழத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால், தின்பதற்கு இனிய பழமெல்லாம் கோப்பதற்கு ஏற்றதாகா. நன்கு கனிந்த கறுத்தக் கொழும்பான் மாம்பழம் உலகிலேயே இனியது என்று யாழ்ப்பாணத்தார் வாதிடுவார்கள். நாமும் மறுக்கத் துணியோம். ஆயினும் சாறு வழியும் அப்பழம் குச்சியில் நில்லாது, உடையைத்தான் நனைக்கும். ஆகவே, கனிந்தும் சற்றே உறுதி குன்றாத பழமே வேண்டும்.

கம்பஹா, குருணாகல் மாவட்டங்களிற் பெருமளவு விளையும் மொறீசியஸ் இன அன்னாசி, புளிப்பும் இனிப்பும் சமமாய் அமைந்தது. செடாருக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை. உறுதியான பப்பாசிப்பழம் எடாமின் மென்மையான சுவைக்கு இசையும். அதன்மீது இரண்டு துளி தேசிக்காய்ச் சாறு பிழிந்தாற் போதும். முந்திரிகைப்பழம் எதனுடனும் சேரும். வத்தகப்பழம் மிகவும் உப்பான பாற்கட்டிக்கே பொருந்தும்; விதைகளை நீக்க மறவாதீர்கள். கொய்யாவின் விதைப்பகுதியை அகற்றிவிட்டுத் தசையை மட்டும் கோக்கலாம். நுவரெலியாவின் ஸ்ட்ரோபரி கிடைக்குமாயின், குச்சியின் நுனிக்கு அதுவே முடி சூட்டினாற்போல் அழகு தரும்.

வாழைப்பழம் வெட்டிய சிறிது நேரத்திற் கறுத்துவிடும். பழத்திலுள்ள ஒரு நொதியம் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் கூடி விளைவிக்கும் மாற்றம் இது. தேசிக்காய்ச் சாற்றின் புளிப்பு அதனைத் தாமதிக்கச் செய்யும். கதலியோ இதரையோ சேர்க்க விரும்புவோர், இறுதியாக வெட்டிச் சாற்றிற் புரட்டிக் கோத்தல் நன்று.

முன்னதாகக் கோத்துவிடாதீர்கள்

வேலையைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும் என்ற ஆவலில், எல்லாக் குச்சிகளையும் கோத்து வைத்துவிடுவோர் உண்டு. மாலையில் எடுத்துப் பார்த்தால் பாற்கட்டி பழத்தைத் தொட்ட இடத்தில் குழைந்திருக்கும். சில வேளைகளில் கசப்பும் தட்டும். பாற்கட்டி பழுதென்று கடைக்காரரை நொந்துகொள்வார்கள். குற்றம் கடைக்காரருடையதன்று.

மாணவர்கள் இதன் காரணத்தை அறிந்துகொள்வது பயனுடையது. பச்சை அன்னாசியில், அதாவது சூடாக்கப்படாத அன்னாசியில், 'புரோமெலயின்' என்னும் நொதியம் உண்டு. புரதத்தை வெட்டிச் சிறு கூறுகளாக்குவது அதன் தொழில். பாற்கட்டியோ பெரும்பாலும் பாற்புரதமும் கொழுப்பும் சேர்ந்தது. இரண்டும் நெடுநேரம் ஒட்டியிருந்தால், நொதியம் புரதத்தைச் சிதைக்கத் தொடங்கும். அவ்வாறு உண்டாகும் சிறு கூறுகளிற் சில கசப்பானவை. பச்சை அன்னாசி சேர்த்த ஜெலி உறையாமற் போவதும் இதே காரணத்தாலேயே. தகரத்தில் அடைத்த அன்னாசி பதனிடும்போது சூடாக்கப்படுவதால் அதன் நொதியம் செயலிழந்துவிடுகிறது. ஆதலால் அதற்கு இத்தொல்லையில்லை.

பப்பாசியிலும் 'பப்பெயின்' என்னும் இத்தகைய நொதியம் உண்டு. இறைச்சிக் கறியில் ஒரு துண்டு பப்பாசிக்காயைப் போட்டால் இறைச்சி விரைவில் மெதுவாகும் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்ததன் இரகசியம் அதுவே. அந்நொதியம் காயின் பாலில் மிகுதி. கனியக் கனியக் குறைந்துவிடும்.

எனவே செய்யவேண்டியது இதுதான்: பழங்களைக் காலையில் வெட்டி மூடிய பாத்திரங்களில் தனித்தனியே குளிரவைக்கலாம், பாற்கட்டியையும் வெட்டித் தனியே வைக்கலாம். கோப்பதை மட்டும் விருந்தினர் வருவதற்கு முன்னுள்ள அரைமணி நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

அளவும் முறையும்

பன்னிரண்டு பேருக்குத் தலைக்கு இரண்டாக 24 குச்சிகள் என்று கணக்கிடுவோம். ஒவ்வொன்றிலும் இரண்டு பாற்கட்டித் துண்டு, மூன்று பழத்துண்டு. ஒன்றரைச் சென்ரிமீற்றர் பக்கமுள்ள தாயக்கட்டை போன்ற துண்டுகளாக வெட்டினால் ஏறக்குறைய 200 கிராம் பாற்கட்டி 48 துண்டுகளுக்குப் போதும். நடுத்தர அளவான அன்னாசி ஒன்று, சிறிய பப்பாசிப்பழம் ஒன்று, முந்திரிகைப்பழம் 24, தேசிக்காய் ஒன்று, மிளகுதூள் சிறிதளவு. இவ்வளவே தேவை.

முதலில், தோலைச் சீவப்போகிறோமே என்று எண்ணாமல் பழங்கள் அனைத்தையும் ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள். வெளித்தோலிலுள்ள அழுக்கையும் கிருமிகளையும் கத்தியே உள்ளே கொண்டுசெல்லும். மீனும் இறைச்சியும் வெட்டும் பலகையில் பழத்தை வெட்டவே கூடாது. சமைக்கும் உணவில் நெருப்பு நமக்குக் காவல். இங்கோ நமது கைச்சுத்தமே காவல். வெட்டிய பழத்தின் ஈரத்தைத் தூய துணியில் ஒற்றியெடுத்தால் பாற்கட்டி வழுக்காது.

கோக்கும்போது கனமானதை அடியிலும் மென்மையானதை நடுவிலும் வைக்கவேண்டும். முதலில் அன்னாசி, அடுத்துப் பாற்கட்டி, பின்னர் பப்பாசி, மீண்டும் பாற்கட்டி, உச்சியில் முந்திரிகைப்பழம். பாற்கட்டியை ஒரே குத்தாகக் குத்தாமல், மெல்லத் திருகிச் செலுத்தினால் பிளவுபடாது. மேலே மிளகுதூளை ஒரு சிட்டிகை தூவுங்கள். பெரியவர்களுக்கானவற்றில் மிளகாய்த்தூள் தூவினாலும் பழுதில்லை.

மூங்கிற் குச்சி கிடைக்கவில்லையா? தென்னோலை இருக்கிறது. இலையைத் தைப்பதற்கு ஈர்க்கை எடுத்த கைகளுக்கு இது புதிய வித்தையன்று. புதிய ஓலையிலிருந்து தடித்த ஈர்க்குகளைத் தெரிந்து, சுரண்டிக் கழுவி, கொதிநீரில் அமிழ்த்தி எடுத்து உலர்த்தி, ஒரு சாண் நீளமாக நறுக்கிக்கொள்ளுங்கள். விளக்குமாற்றிலிருந்து உருவும் சோம்பலுக்கு மட்டும் இடங்கொடாதீர்கள். அன்னாசி போன்ற உறுதியான பழத்துக்கு, முதலில் ஒரு தடித்த ஊசியால் துளையிட்டால் ஈர்க்கு வளையாமற் செல்லும்.

பாதி வத்தகப்பழத்தைத் தட்டத்திற் கவிழ்த்துக் குச்சிகளை அதன்மேல் நாட்டிவிட்டால், ஜேர்மானியரின் முள்ளெலி நம் கூடத்திலும் வந்து அமர்ந்துவிடும். வாழையிலையில் வரிசையாய்ப் பரப்பினாலும் அழகே.

பிள்ளைகளை அழையுங்கள்

இச்சிற்றுண்டியின் பெரும் நன்மை யாதெனில், இதனைப் பிள்ளைகளே செய்யலாம். அடுப்பில்லை, கொதிக்கும் எண்ணெயில்லை. பெரியவர் ஒருவர் வெட்டிக் கொடுக்க, எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் மேசையைச் சுற்றியிருந்து கோத்துவிடுவார்கள். பெண்பிள்ளைகள் மட்டுமல்லர், ஆண்பிள்ளைகளும். தகப்பனார் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அன்னாசியைச் சீவிக் கொடுத்தால், குடும்பத்தின் மதிப்புக் குறைந்துவிடாது.

ஆனால் சில எச்சரிக்கைகள் அவசியம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குச்சியைக் கையிற் கொடுக்கவே வேண்டாம். முழு முந்திரிகைப்பழம் சிறு குழந்தையின் தொண்டையை அடைத்து மூச்சை நிறுத்திவிடவல்லது; பாற்கட்டித் துண்டும் அவ்வாறே. அவர்களுக்குப் பழத்தை நீளவாட்டில் நான்காகப் பிளந்து, பாற்கட்டியைத் துருவி, கிண்ணத்திலிட்டு, உட்காரவைத்து ஊட்டுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கானவற்றில், கோத்து முடிந்ததும் கூர்நுனியைக் கத்தரித்துவிடுங்கள். குச்சி வாயிலிருக்கும்போது கால் ஓடக்கூடாது என்று முன்னரே சொல்லிவையுங்கள். மேசைமீது ஒரு போத்தலை வைத்து, தின்று முடித்த குச்சியை அதிற் போடப் பழக்குங்கள். போன குச்சி 24. திரும்பிய குச்சியும் 24 ஆக வேண்டும். மறுநாள் காலை வெறுங்காலுடன் முற்றத்தில் நடப்பவர் உங்களை வாழ்த்துவார்.

பாலின் புரதம் ஒவ்வாத பிள்ளைகள் உளரா என்று அவர்களின் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டறிவதும் நல்லது. வெட்டிய பழமும் பாற்கட்டியும் குளிருக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது. வெப்பம் 32 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்களில் ஒரு மணி நேரமே எல்லை. ஆகவே பாதியை மட்டும் வெளியே வைத்து, எஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பின்னர் எடுத்தல் நன்று. எல்லை கடந்தவற்றை மறுநாளுக்கென்று சேமித்து வைக்க வேண்டாம்.

விருந்தோம்பல் என்பது எது?

"வந்தவர்களுக்குப் பழத்துண்டைக் கொடுத்து அனுப்பிவிட்டாளே என்று ஊர் சொல்லாதா?" இவ்வச்சம் நம் இல்லத்தரசிகளின் நெஞ்சில் ஆழ வேரூன்றியிருப்பதை நாம் அறிவோம். பலகார வகைகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு பெண்ணின் அன்பை அளக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாய் ஒழியவில்லை. எண்ணெய்ச் சட்டியை அறவே துறந்துவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. விரும்பினால் வடையோ கட்லற்றோ ஒரு வகையைக் காலையிலேயே சுட்டு வைத்துவிடலாம். விருந்தினர் வாசற்படி ஏறும் வேளையில் அடுப்பு அணைந்திருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதிலுள்ள பத்துக் குறள்களிலும் தேடிப் பாருங்கள். எத்தனை பலகாரம் என்ற கணக்கு இல்லை. விருந்தினரை எதிர்கொள்பவரின் முகத்தைப் பற்றியே அவர் பேசுகிறார். குசினியிலிருந்துகொண்டு எவரும் முகங்காட்டி வரவேற்க இயலாது.

அடுத்த பிறந்ததினத்தில் இம்முறையைச் செய்து பாருங்கள். மாலை நாலரைக்குப் பிள்ளைகளுடன் மேசையைச் சுற்றி அமர்ந்து குச்சிகளைக் கோத்து முடியுங்கள். முகங்கழுவி, நல்ல சேலை உடுத்து, வாசலில் நின்று வருவோரை வரவேற்க அப்போதும் நேரமிருக்கும். மெழுகுதிரி அணையும் வேளையில் பிள்ளையின் பக்கத்தில் நில்லுங்கள். படம் எடுப்பவரிடம், "இம்முறை என்னையும் சேர்த்து எடும்" என்று சொல்லுங்கள்.

பல ஆண்டுகள் கழித்து அந்த அல்பத்தைப் புரட்டும் பிள்ளைக்கு, அன்று என்ன தின்றோம் என்பது நினைவில் இராது. அம்மா பக்கத்தில் நின்றாள் என்பது படத்தில் இருக்கும்.